கூட்டக் குறிப்பு

கூட்டம் காலை ஒன்பதரைக்கு.
கொழும்பு வாகனம் வந்தது பன்னிரண்டேகாலுக்கு.
பரந்தன் சந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்று
சாரதி என்னிடம் சொன்னான்.
அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

குறிப்பெழுதுவது என் வேலை.
பூநகரிக் கந்தோரில் ஏழு வருஷம்.
கையெழுத்து வடிவென்று
எந்தக் கூட்டத்துக்கும் என்னைத்தான் இழுப்பார்கள்.

கடற்றொழிலாளர் சங்க மண்டபம்.
முப்பத்தெட்டுப் பேர்.
இரண்டு மின்விசிறி, ஒன்று ஓடியது.
சுவரில் திரை, திரையில் எங்கள் முனை,
வானத்திலிருந்து எடுத்த படம்:
ஆளில்லை, மாடில்லை, காயப்போட்ட வலையில்லை,
பத்தொன்பது சிவப்புப் புள்ளி.
ஒவ்வொன்றும் ஒரு காற்றாடி.

"இந்த மின்சாரம் எங்களுக்கு வருமோ?"
மத்தியாஸ் கேட்டார்.
தேசிய மின்வலைக்குப் போகும் என்றார்கள்.
"வலையெண்டால் எங்களுக்குத் தெரியும் ஐயா,
உள்ளுக்குப் போனது
திரும்பி வராது."
மண்டபம் சிரித்தது.
மொழிபெயர்ப்பாளனும் சிரித்தான்,
பிறகு அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல்
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தான்.

இறக்கை சுற்றினால் நிழல் களப்பில் ஓடும்,
நிழல் ஓடினால் மணலை கரைக்கு அண்டாது
என்றும் அவர்தான் சொன்னார்.
அதுபற்றி ஆய்வு இல்லை என்றார்கள்.
ஆய்வு இல்லை என்றால்
பாதிப்பு இல்லை என்றே எழுதச் சொன்னார் பெரியவர்.
எழுதினேன்.

ஞானசீலி எழும்பினா.
"எட்டாம் புள்ளி. அது என்ன இடம்?"
பொறியியலாளர் ஏதோ சொன்னார்.
"வெற்றுக் காணி" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அவா இருக்கவில்லை.

"வெற்றுக் காணியிலைதான் என்ரை மனிசன் கிடக்கிறார்.
ஓடேக்கை தாட்டது.
கல்லு வைக்க ஏலாமல் போச்சு, பூவரசந்தடி ஒண்டு ஊண்டினன்.
தம்பி, படத்தைப் பெருப்பிச்சுக் காட்டு,
அந்தா, பச்சையாய்."

பெருப்பித்தார்கள்.
பச்சை உடைந்து உடைந்து சதுரமாகியது.

மொழிபெயர்ப்பாளன் கொஞ்சநேரம் நின்றான்.
எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில்
அவன் சொன்னது இவ்வளவுதான்:
அங்கே ஒரு மரம் இருக்கிறது.

நானும் அப்படியே:
"புள்ளி 8 இல் மரமொன்று உள்ளதாகத் தெரிவிக்கப்பட்டது."

பிறகு பணிசும் தேத்தண்ணியும்.
பணிசை எண்ணிக் கொடுக்கவேண்டுமாம்,
பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.
ஒன்று மிஞ்சியது.
பசி. நானும் வைத்தேன்.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது,
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஆட்சேபிக்க முப்பது நாள்.
அதில் பதினொரு நாள்
அலுமாரித் திறப்பு லீவில் நின்றது.

கடைசி நாள் பின்னேரம் ஞானசீலி வந்தா.
மரம் எந்தப் பக்கம் என்று கேட்டா.
தேடினேன். இருந்தது.
"பூவரசு: 1. பாதுகாப்பு முக்கியத்துவம்: இல்லை."
இன்னொருக்கால் வாசி என்றா.
வாசித்தேன்.

பக்கம் புரட்டும்போதுதான் பின்னிணைப்பைக் கண்டேன்.
நான் கோடு கீறிய தாள்.
பணிசுத் தாள்.
மேலே மட்டும் புதிதாய் அச்சிட்ட தலைப்பு:
திட்டத்துக்கு இணக்கம் தெரிவித்தோர்.
முப்பத்தொன்பதாவதாக, வடிவாக,
நான்.

அதை அவாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

"உன்ரை எழுத்து வடிவெல்லோ பிள்ளை,
எழுது" என்றா.
மூன்று ஐம்பது. நாலுக்குப் பெட்டி பூட்டுவார்கள்.
ஆட்சேபிப்பவர் பெயர் என்று கேட்டேன்.
தன் பெயரைச் சொல்லவில்லை.
கனகசூரியம் இரத்தினராசா என்றா.
முகவரி?
"எட்டாம் புள்ளி."

பேனை நின்றது.
ஆள் அடையாள அட்டை இலக்கம் இல்லாமல்
இந்தப் படிவத்தை எடுக்கமாட்டார்கள் அக்கா என்றேன்.

ஒன்பது இலக்கமும் கடைசி எழுத்தும்
தட்டாமல் தடுக்காமல் சொன்னா.